எலிமினேஷன் டயட் இருந்தும் எடை குறையலையா? பாதியில் விட்டுடாதீங்க... முள்ளைப் பார்க்காமல் எதைப் பார்க்கணும்?

"வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, பரோட்டா இல்ல, பால் டீ கூட இல்ல. மூணு வாரமா இப்படித்தான் ஓடுது. ஆனா வெயிட் மெஷின்ல முள்ளு அப்படியே நிக்குது. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, சாப்பிட்டதும் வயிற்றுவலி என்று டாக்டரிடம் போய், 'எலிமினேஷன் டயட்' தொடங்கியவர்களுக்கு வரும் முதல் சோர்வு இது. வீட்டில் உள்ளவர்களும் சும்மா இருப்பதில்லை. "டயட் இருக்கேன்னு சொன்ன, ஆளு அப்படியேதான இருக்க?" என்று கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேருக்கு மனசு விட்டுப்போகும்.

ஆனால் அந்தக் கேள்வியே தப்பு. மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் இருந்தவரிடம் "எத்தனை கிலோ குறைஞ்சது?" என்று யாராவது கேட்பார்களா? "கண்ணு வெளுத்துச்சா, பசி எடுக்குதா?" என்றுதான் கேட்பார்கள். எலிமினேஷன் டயட்டும் அந்த மாதிரிதான். எடைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை.

அப்படியென்றால் இந்த டயட் எதற்கு, எப்படித் தொடர்வது, எப்போது நிறுத்துவது? விரிவாகப் பார்க்கலாம்.

எலிமினேஷன் டயட் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், 'விலக்கிப் பார்க்கும் உணவு முறை'. எந்த உணவு நம் உடம்புக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்கும் ஒரு சோதனை. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ரோ என்ற ஒவ்வாமை மருத்துவர் 1920-களிலேயே இந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதில் மூன்று கட்டங்கள் உண்டு.

1. விலக்குதல்: சந்தேகப்படும் உணவுகளைச் சில வாரங்களுக்கு முழுவதுமாக நிறுத்துவது.
2. மறுபடி சேர்த்தல்: ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு, உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பது.
3. நிலைப்படுத்துதல்: ஆகாததை மட்டும் குறைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் பழையபடி சாப்பிடுவது.

இன்று குடல் எரிச்சல் நோய்க்கு, அதாவது ஐபிஎஸ் பிரச்சனைக்கு, அதிகம் பரிந்துரைக்கப்படுவது 'லோ ஃபாட்மேப்' டயட். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. சில வகை மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்கும். அப்படியே பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். உப்புசமும் வலியும் வருவது இதனால்தான். இதில் விலக்கும் கட்டம் பொதுவாக 2 முதல் 6 வாரம். அதற்கு மேல் நீட்டக் கூடாது.

எடை ஏன் குறைவதில்லை?

தமிழ்நாட்டில் 'டயட்' என்ற சொல்லுக்கே எடைக் குறைப்பு என்றுதான் அர்த்தம் ஆகிவிட்டது. பேலியோ டயட் இங்கே பரவியபோது முன்-பின் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, எந்த டயட் இருந்தாலும் உடம்பு இளைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்துவிட்டது.

ஆனால் எலிமினேஷன் டயட்டில் உணவின் அளவு குறைவதில்லை, வகை மட்டும்தான் மாறுகிறது. இரண்டு சப்பாத்திக்குப் பதில் ஒரு தட்டு சோறு, மொச்சைக்குப் பதில் முட்டை. கலோரி கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் முள் எப்படி இறங்கும்?

இன்னொரு விஷயம். வெயிட் மெஷின் காட்டுவது கொழுப்பை மட்டும் அல்ல. குடித்த தண்ணீர், குடலில் இருக்கும் உணவு, உப்பு அதிகமானால் உடம்பு தேக்கும் நீர், பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் வரும் நீர்க்கோர்ப்பு எல்லாம் அதில் சேரும். ஒரே நாளில் 1 கிலோ ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம்.

உண்மையில், இந்த டயட்டில் எடை நிலையாக இருப்பது நல்ல அறிகுறி. விலக்கிய உணவுக்கு ஈடாகப் போதுமான அளவு சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். மாறாக, முயற்சி செய்யாமலேயே எடை சரசரவென்று குறைந்தால் அதுதான் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

2009-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஹோல் 30' என்ற 30 நாள் விலக்கு உணவுத் திட்டத்தில் ஒரு விதியே உண்டு: அந்த 30 நாளும் எடை பார்க்கக் கூடாது. அந்தத் திட்டம் எல்லோருக்கும் தேவையா என்பது வேறு கேள்வி. இந்த ஒரு விதியை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

முள்ளுக்குப் பதில் எதைப் பார்ப்பது? ஒரு 'வயித்து நோட்டு' போடுங்க

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஆடி, ஆவணி வந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்து களைகட்டும். யார் எவ்வளவு செய்தார்கள் என்று மொய் நோட்டில் ஒன்றுவிடாமல் எழுதி வைப்பார்கள். திருப்பிச் செய்யும்போது அந்த நோட்டுதான் சாட்சி. அதே ஒழுங்கில் வயிற்றுக்கும் ஒரு நோட்டு போட்டால் போதும்.

தினமும் ராத்திரி ஐந்து நிமிஷம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்:

• வயிற்று வலி: 0 முதல் 10-க்குள் ஒரு மார்க்
• உப்புசம்: 0 முதல் 10-க்குள் ஒரு மார்க்
• எத்தனை முறை மலம் கழித்தீர்கள், இளகலா, கட்டியா
• தூக்கம் கெட்டதா
• வேலைக்கோ பள்ளி, கல்லூரிக்கோ லீவு போட வேண்டி வந்ததா
• பட்டியலில் இல்லாத எதையாவது சாப்பிட்டீர்களா

முக்கியம்: டயட் தொடங்கும் முன்பே ஒரு வாரம் இந்த நோட்டை எழுத வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். "மொதல்லயே எனக்கு இவ்வளவு வலி இல்லையே" என்று மனசு ஏமாற்றும். நோட்டு ஏமாற்றாது.

மாற்றம் எவ்வளவு தெரியும்? மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில் 30 ஐபிஎஸ் நோயாளிகள் கலந்துகொண்டார்கள். வழக்கமான உணவில் இருந்தபோது அவர்களின் அறிகுறி மதிப்பெண் 100-க்கு 44.9. லோ ஃபாட்மேப் உணவில் அது 22.8 ஆனது. கிட்டத்தட்ட பாதி. கவனியுங்கள், பூஜ்ஜியம் ஆகவில்லை. 8-ல் இருந்த வலி 4-க்கு வந்தால் அதுவே வெற்றி.

நம்ம ஊர் சாப்பாட்டில் எதை விலக்குவது?

லோ ஃபாட்மேப் பட்டியலைப் புதுக்கோட்டைச் சமையலறையில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும். வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, பால், மொச்சை, கொண்டைக்கடலை, காலிஃபிளவர், காளான், மாம்பழம், தேன் எல்லாம் விலக்கும் பட்டியலில் வரும். ஆலங்குடி, வடகாடு பக்கத்துப் பலாப்பழமும், ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் வறுத்து விற்கும் முந்திரியும்கூட அதில் அடக்கம்.

ஆனால் மிச்சம் இருப்பதும் குறைவில்லை. அரிசிச் சோறு, முட்டை, கோழி, ஆட்டுக்கறி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்திலிருந்து வரும் மீன், கேரட், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பப்பாளி, ஆரஞ்சு என்று தாராளமாகச் சாப்பிடலாம். மிளகு, சீரகம், இஞ்சி, மஞ்சள், கறிவேப்பிலைக்குத் தடையில்லை.

ருசிக்கு மூன்று வழிகள்:

• முழுப் பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, வாசம் இறங்கியதும் பற்களை எடுத்துவிடுங்கள். தொந்தரவு தரும் சத்து தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் தண்ணீர் ஊற்றும் முன்பே பூண்டை எடுத்துவிட வேண்டும்.
• வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம்.
• பெருங்காயம் போடலாம். ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்திய மையங்களில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 66.6 சதவீதம் பேருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சரியாகச் செரிக்கவில்லை. டெல்லியில் அது 27.4 சதவீதம்தான். அதனால் பால் ஒத்துக்கொள்ளாதது ஏதோ அபூர்வ வியாதி இல்லை.

பந்தியில் உட்கார வச்சுட்டா என்ன செய்றது?

டயட் உடைவது பெரும்பாலும் பசியால் இல்லை, உறவுகளால்தான். மொய் விருந்துக்குப் போய்க் கறிச்சோறு வேண்டாம் என்றால், "ஏம்ப்பா, நம்ம வீட்டுச் சோறு எறங்காதா?" என்று சித்தப்பா முகம் மாறிவிடும்.

முடிந்தால் விலக்கும் கட்டத்தை ஆடி, ஆவணியில் வைக்காதீர்கள். திருவிழா, பலாப்பழ சீசன், வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் காலண்டரில் பார்த்து, அதற்கு முன்போ பின்போ ஆறு வாரம் தேடுங்கள்.

தவிர்க்கவே முடியாது என்றால், 'டயட்' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "எடை குறைக்க இல்ல சித்தப்பா, வயித்துக்கு எது ஆகலைன்னு பார்க்க டாக்டர் பத்தியம் சொல்லியிருக்காரு. இன்னும் ரெண்டே வாரம்தான்" என்று சொல்லிப் பாருங்கள். பத்தியம் என்றால் அப்பத்தா முதற்கொண்டு யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

அதையும் மீறிச் சாப்பிட்டுவிட்டால்? குற்ற உணர்ச்சி வேண்டாம். நோட்டில் எழுதுங்கள், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். அடுத்த ஓரிரு நாள் மார்க்கை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பந்தி சாப்பாடு சோதனையைக் கெடுத்துவிடாது. அதை எழுதாமல் மறைத்தால்தான் கெடும்.

மறுபடி சேர்ப்பதில்தான் விஷயமே இருக்கு

பலர் செய்யும் பெரிய தப்பு: வலி குறைந்ததும், "இனிமே வெங்காயமே வேண்டாம்" என்று ஆயுசுக்கும் நிறுத்திவிடுவது. இன்னும் சிலர் எடை குறையவில்லை என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுவார்கள். இரண்டிலும் பட்ட பாடு வீண். எது ஆகவில்லை என்பது கடைசி வரை தெரியாமலே போகும்.

சரியான முறை இதுதான். ஒரு உணவை எடுத்துக்கொள்ளுங்கள், உதாரணமாகப் பால். முதல் நாள் கால் டம்ளர், இரண்டாம் நாள் அரை டம்ளர், மூன்றாம் நாள் ஒரு டம்ளர். மற்றபடி பழைய பத்தியம்தான். தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்தி நோட்டில் குறியுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த உணவு.

மனசு தளராமல் இருக்க இதுவே நல்ல வழி. "இன்னும் எத்தனை நாள் சாப்பிடக் கூடாது?" என்று எண்ணாமல், "எந்தத் தேதியில் எதைத் திரும்பச் சாப்பிடப் போகிறேன்?" என்று காலண்டரில் எழுதி வையுங்கள். பால் பிரச்சனை இல்லை என்று தெரிந்த அன்றைக்கே டீ திரும்பக் கிடைக்கும்.

எப்போது நிறுத்த வேண்டும்? யார் தொடங்கவே கூடாது?

ஒழுங்காக இருந்தும் 4 முதல் 6 வாரத்தில் நோட்டில் எந்த மாற்றமும் இல்லையா? நிறுத்திவிடுங்கள். தோல்வி இல்லை, அந்த உணவுகள் காரணம் இல்லை என்று தெரிந்துகொண்டீர்கள். அடுத்து வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கீழ்க்கண்டவை இருந்தால் டயட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்:

• மலத்தில் ரத்தம்
• காரணமில்லாமல் எடை குறைவது
• ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு
• ரத்தசோகை, விடாத காய்ச்சல், விடாத வாந்தி
• 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வயிற்றுப் பிரச்சனை

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், ஏற்கெனவே எடை குறைவாக உள்ளவர்கள், சாப்பாட்டைப் பார்த்தாலே பயம், பதற்றம் வருபவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்களுக்கு உணவு மாறினால் சர்க்கரை திடீரென இறங்கலாம். ஏதாவது சாப்பிட்டு மூச்சுத்திணறல், முகம் வீக்கம் வந்த அனுபவம் இருந்தால், அந்த உணவை வீட்டில் சோதிக்கவே கூடாது.

கோதுமையை விலக்கும் முன் 'சீலியாக்' நோய்க்கான ரத்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். கோதுமையை நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தவறாக வரலாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து அரசு மருத்துவமனையிலோ ஆலோசனை கேட்கலாம். பொதுவான சந்தேகங்களுக்கு 104 என்ற இலவச சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

எடையும் குறையணும்னு டாக்டர் சொல்லியிருந்தா?

அது நியாயமான தேவைதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். சாப்பாட்டின் அளவையும் சேர்த்துக் குறைத்தால், வலி குறைந்தது எதனால் என்றே தெரியாது. முதலில் இந்தச் சோதனையை முடியுங்கள். பிறகு எடைக்கு வாருங்கள்.

அப்போதும் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். இடுப்பைச் சுற்றி ஒரு டேப் போட்டுப் பாருங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்களிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்களையும் அதே நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இன்றைக்கு டயட்டின் 20-வது நாள், எடை அப்படியே இருக்கிறது என்றால் வெயிட் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நோட்டைத் திறங்கள். போன மாதம் பஸ்ஸில் திருச்சி வரை போகவே பயந்த நீங்கள், இந்த மாதம் நிம்மதியாகப் போய் வந்தீர்களா? அது நோட்டில் இருந்தால், டயட் வேலை செய்கிறது. அடுத்த முறை யாராவது "எத்தனை கிலோ குறைஞ்ச?" என்று கேட்டால், "வலிதான் குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.