அறுபதில் ஒரு பங்கு நொடி

2038 பிரச்சினையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அந்தக் காலத்துல யாரும் யோசிக்கல" என்று சொல்லிவிடுவார்கள். பழைய யூனிக்ஸ் கையேடுகளைப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கு.

1971 நவம்பரில் வந்த முதல் பதிப்பில், நேரம் என்பது அந்த வருஷம் ஜனவரி 1-லிருந்து ஓடிய துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு நொடிக்கு 60 துடிப்பு. மொத்தம் 32 பிட், அதாவது சுமார் 429 கோடி வரை எண்ணலாம். வகுத்துப் பாருங்க: 828 நாள். இரண்டேகால் வருஷம்தான்! இது அவர்களுக்குத் தெரியும். கையேட்டின் 'குறைகள்' பகுதியில் அவர்களே எழுதி வச்சிருக்காங்க.

முதலில் தொடக்க நாளை 1972-க்குத் தள்ளினார்கள். 1973-ல் வந்த நான்காம் பதிப்பில், 1970 ஜனவரி 1-லிருந்து முழு நொடிகளாக எண்ண ஆரம்பித்தார்கள். அலகு மாறியது, அகலம் மாறவில்லை. பிடிபி-11 மெஷினின் வேர்டு 16 பிட்தான். 32 பிட்டுக்கே இரண்டு வேர்டு வேணும். சி மொழியில் அப்போது 'லாங்' கிடையாது. அதனால் இரண்டு இன்ட் கொண்ட அர்ரேயின் முகவரியை அனுப்புவார்கள். இன்னைக்கும் 'டைம்' ஃபங்ஷனுக்கு நாம காரணம் தெரியாமலே 'நல்' என்று ஒன்றைக் கொடுக்கிறோமே, அது இதோட மிச்சம்.

குறியுள்ள 32 பிட்டின் எல்லை 2,14,74,83,647. அந்த நொடி 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8:44:07.

இப்போ 64 பிட் வந்தாச்சே, அப்புறம் என்ன கவலை? டைப் அகலமானாலும், அந்த மதிப்பை வாங்கும் இடம் குறுகலாக இருந்தால் பிரயோஜனமில்லை. 2022 புத்தாண்டன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மெயில்கள் தேங்கி நின்றன. மால்வேர் ஸ்கேனரின் பதிப்பு எண்ணைத் தேதியிலிருந்து உருவாக்கியிருந்தார்கள். 21-ல் தொடங்கிய வரை 32 பிட்டுக்குள் அடங்கியது, 2201010001 அடங்கவில்லை. 2038-க்கு இன்னும் 16 வருஷம் இருந்தது!

ஆகவே டைம்_டி-யை மட்டும் பார்த்தால் போதாது. அதை இன்ட்டில் பிடிக்கும் வரிகள், டேட்டாபேஸ் காலம்கள், ஃபைல் ஃபார்மட்கள், நெட்வொர்க்கில் போகும் நான்கு பைட்டுகள் எல்லாத்தையும் தேடணும். கம்பைலரின் கன்வர்ஷன் எச்சரிக்கையை ஆன் பண்ணினால் முதல் வகை நிறைய சிக்கும் (கூடவே வேண்டாத சத்தமும் வரும், பொறுத்துக்கணும்). மற்றதற்கு, டெஸ்ட் மெஷினின் கடிகாரத்தை 2038-ஐத் தாண்டி வைத்து ஓட்டிப் பார்ப்பதே வழி. அதுக்கு இன்னும் நாள் இருக்குன்னு விடாதீங்க. இப்போ 20 வருஷத்துக்கு எடுக்கிற வீட்டுக்கடனோட கடைசித் தவணைத் தேதி, ஏற்கெனவே அந்த எல்லைக்கு அந்தப் பக்கம்.