விதையில்லாத புல்லின் பூர்வீகம்

மாடு வைத்திருப்பவர்களின் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் கம்பு நேப்பியரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'கோ நாலு' என்றால் பால்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அதன் பூர்வீகம்தான் பலருக்குத் தெரியாது.

புல்லின் பெயரால் சுவாமி தர்ப்பாரண்யேஸ்வரர் என்று வழங்கப்படும் திருநள்ளாறு நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மாட்டுக்கென்று புல்லைப் பயிரிடுவது நம் தாத்தாக்களுக்குத் தெரியாத சங்கதி. வைக்கோல் போர் இருந்தது, வரப்புப் புல் இருந்தது, உம்பளாச்சேரி மாட்டுக்கு அதுவே போதும். ஒட்டடையான் போன்ற உயரமான நெல்லில் வைக்கோலுக்குக் குறைவே இல்லை. அறுபதுகளின் கடைசியில் ஐ.ஆர்.8 வந்தது. அதன் குட்டைத்தனம் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற தைவான் நெல்லிடமிருந்து பெற்ற ஒரே ஒரு மரபணுவின் வேலை. கதிர் கனத்தது, பயிர் சாயவில்லை, வைக்கோல் குட்டையானது. பிறகு அறுவடை எந்திரம் வந்து இருக்கிற வைக்கோலையும் வயலிலேயே நொறுக்கிப் போட்டது. கறவை மாடு வைத்தவர்கள் பசும்புல்லைத் தேடியதில் வியப்பில்லை.

அந்தப் புல் முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. நேப்பியர் என்ற யானைப்புல் ஆப்பிரிக்காவிலிருந்து 1912-ல் இந்தியாவுக்கு வந்தது. பல ஆண்டு நிற்கும், தூர் கட்டும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆனால் தண்டு முரடு, இலையில் சுணை. கம்பு நேர் எதிர்: மென்மையும் சத்தும் உண்டு, ஒரு போகத்தோடு ஆயுள் முடிந்துவிடும். இரண்டையும் சேர்க்கும் ஒட்டு முயற்சி 1953-ல் கோயம்புத்தூரில் நடந்தது. அப்போது நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 1-ல்தான் இந்தியாவின் கைக்கு வந்தது!

கம்பைத் தாயாக வைத்து நேப்பியர் மகரந்தத்தைத் தூவுவார்கள். கம்புக் கதிரில் சூல்முடி முதலில் வெளிவரும், மகரந்தப் பை பிறகுதான் வரும். அந்த இடைவெளியே ஒட்டுக் கட்டுபவருக்கு வசதி. கம்புக்குக் குரோமோசோம் 14, நேப்பியருக்கு 28. ஆளுக்குப் பாதி தந்தால் பிள்ளைக்கு 7-ம் 14-ம் சேர்ந்து 21. மூன்றில் இரண்டு பங்கு நேப்பியருடையது என்பதால்தான் பார்வைக்கும் அது நேப்பியர் சாடையாகவே இருக்கிறது. 21 ஒற்றைப்படை. ஜோடி சேர்ந்து சரியாகப் பிரிய முடியாததால் மணி பிடிக்காது. கோவேறு கழுதை கதைதான்.

குரோமோசோமை 42 ஆக இரட்டித்தால் மலடு நீங்கும். அதற்குக் கோல்ச்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள். வேதாரண்யம் பக்கம் பயிராகும் கண்வலிக் கிழங்கின் விதையிலும் அந்தச் சரக்கு உண்டு. ஆனால் என் கணக்கில், நம் உழவருக்கு மலடாக இருந்ததே லாபம். விதை விழுந்து நெல் வயலில் களையாகப் பரவாது. விதைக் கடைக்கும் போகவேண்டாம். இரண்டு பருவுள்ள கரணையைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி ஊன்றினால் போதும். 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன் பசும்புல் தரும் என்பது அவர்கள் கணக்கு. 2012-ல் கோ 5 வந்தது.

இதை மட்டும் போட்டு மாட்டை வளர்க்கக்கூடாது. இதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். அகத்தி, வேலிமசால், தட்டைப்பயறு என்று ஏதாவது ஒன்றைக் கலந்து போடவேண்டும்.

எனக்குள்ள கவலை வேறு. கரணையிலிருந்து வளர்வதெல்லாம் ஒரே செடியின் நகல். ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கும். கென்யாவிலும் உகாண்டாவிலும் நேப்பியரைக் குட்டையாக்கி மஞ்சளாக்கும் ஒரு நோய் பால் மாட்டுக்காரர்களைக் கலங்கடித்தது. அது பூச்சியால் மட்டுமல்லாமல் கரணை வழியாகவும் பரவியது. ஆகவே அடுத்தவர் கொல்லையில் கரணை வெட்டுமுன் தூரை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வெட்டியபின் சரியாகத் துளிர்க்காத, வெளிறிய தூராக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இடமிருந்தால் கோ 4-க்குப் பக்கத்திலேயே இன்னொரு ரகத்தையும் இரண்டு வரிசை போட்டு வையுங்கள்.