காணி உமது, வழி ஊரது

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை வாசித்தவர்கள், எல்லை விவரத்தை ஒட்டி வரும் ஒரு தொடரை அறிவர். கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் இன்னாருக்கு உண்டு என்பதே அதன் சாரம். காணி ஒருவருடையது, அதனூடாக நடக்கவும் நீர் கொண்டு செல்லவும் உள்ள உரித்து அயலவருடையது. காணி கைமாறினாலும் அந்த உரித்து அழிவதில்லை. உலகின் பல நகரங்கள் மரநிழற் பாதைகளை அமைப்பதற்குக் கையாளும் சட்டமுறை ஒன்றும் இந்தக் கருத்தின் மீதே எழுந்துள்ளது.

அம்முறையில் உரிமையாளர் தம் காணியை விற்பதுமில்லை, முழுமையாகத் தானம் செய்வதுமில்லை. ஓடையோரத்து ஒரு கீற்றில் கட்டடம் எழுப்பும் உரிமையைத் தாமே கைவிட்டு, பொதுமக்கள் அதில் நடக்கும் உரிமையை நகர சபைக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்கிறார். காணி அவருடையதாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு எழுதலாம், விற்கலாம். ஆனால் வாங்குபவரும் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவரே. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் வைற் 1959 இல் இதற்குப் 'பேணல் உரித்து' என்று பொருள்படும் பெயரைப் பரப்பினார். 1981 இல் அந்நாட்டு மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றும் வரையப்பட்டது. வட கரோலைனாவின் றாலி நகரம் 1974 முதல் ஓடைகளைத் தொடர்ந்து பசுமைவழிகளை அமைத்து வருவதில் இத்தகைய உரித்துகளுக்குப் பெரும் பங்குண்டு.

இது எமக்கு எதற்கு என்று கேட்கலாம். பல்கலைக்கழகமும் சந்தையும் விவசாய ஆராய்ச்சி நிலையமும் அமைந்த திருநெல்வேலியைப் பார்த்தாலே விடை கிடைக்கும். செம்மண் தோட்டங்கள் வீடுகளாகவும் விடுதிகளாகவும் மாறுகின்றன. வருடம் முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மாரி மழை மண்ணினூடாகச் சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கினால்தான் கிணற்றில் நன்னீர் ஊறும். குளத்தின் விளிம்பும் வெள்ளவாய்க்காலின் கரையும் சீமெந்தால் மூடப்படும்போது, மழைநீர் வீதியில் தேங்கிப் பின் கடலுக்குப் போகிறது. உரப் பாவனையாலும் மலசலகூடக் குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்றுக் கூடியிருக்கும் நிலையில், உள்ளிறங்கும் மழைநீரும் குறைவது இரட்டை இழப்பாகும்.

ஒருவர் இழப்பது எவ்வளவு? 16 பரப்பு ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. வாய்க்காலோரமாக 100 அடி நீளத்துக்கு 6 அடி அகலம் விட்டால் அது கால் பரப்புக்கும் குறைவு. அயலவர் பலர் சேர்ந்து விட்டால் குளத்திலிருந்து குளத்துக்கு ஒரு நிழல்வழி உருவாகும்.

கொடுக்கும் மனம் எமக்குப் புதிதன்று. மருதனார்மடம், கந்தர்மடம் என்ற ஊர்ப்பெயர்களே வழிப்போக்கருக்கு இடமளித்தோரின் நினைவுகள். கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் தனியார் தருமங்களே. முஸ்லிம்களிடையே வக்பு, ஆதனத்தை நிறுத்தி வைத்து அதன் பயனை மட்டும் வழங்கும் மரபாகும். 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இந்நாட்டில் வடிவம் தருகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தருமசாதனத்திலும் வக்பிலும் ஆதனம் கொடையாளியின் கையை விட்டு நீங்குகிறது. பேணல் உரித்தில் அது நீங்குவதில்லை.

இவ்வேறுபாடே இம்மண்ணில் முக்கியமானது. உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் காணியைப் பறிகொடுத்தவர்களிடமும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்தபோது வளவுகளின் எல்லையைத் தேட நேர்ந்த முஸ்லிம்களிடமும் 'பொது நலனுக்காகக் காணி' என்று சொன்னால் அச்சமே எழும். பத்து வருட ஆட்சியால் உரிமை பறிபோகும் விதியிலிருந்து போரினால் இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016 இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. உறுதி தம் பெயரிலேயே இருக்கும் என்ற நிலை அந்த அச்சத்தைப் பெருமளவு நீக்கும்.

சட்டத்தில் ஒரு தடையும் உண்டு. எமது நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வழியுரித்து பொதுவாக ஒரு காணியின் நன்மைக்காக இன்னொரு காணியின் மீது அமைவது. ஊர் முழுவதும் நடக்கும் பாதைக்கு அவ்வாறு நன்மை பெறும் தனிக்காணி கிடையாது. ஆங்கிலச் சட்ட வழியிலும் இருந்த இதே தடையையே 1981 ஆம் ஆண்டின் அமெரிக்க மாதிரிச் சட்டம் அகற்ற முனைந்தது. இலங்கைப் பாராளுமன்றமும் இதற்கென ஒரு குறுஞ்சட்டத்தை இயற்றுவது தகும்.

எனினும் சட்டம் வரும்வரை சபைகள் வாளாவிருக்கத் தேவையில்லை. எமது சட்டப்படி நன்கொடை, பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் நிறைவு பெறும். ஏற்பது என்பது பொறுப்பேற்பது. 2025 மே மாதத் தேர்தலின் பின் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளைப் பெற்ற நல்லூர் பிரதேச சபை போன்றவை, எத்தகைய கொடையை ஏற்பது என்ற விதிகளை முதலில் வகுக்கலாம். நில அளவையாளரின் வரைபடம் வேண்டும். நொத்தாரிசு உறுதியும் காணிப் பதிவகப் பதிவும் வேண்டும். ஈட்டில் உள்ள காணியாயின் ஈடு பிடித்தவரின் சம்மதமும், பிரிபடாத பங்காயின் பங்காளர் அனைவரின் ஒப்பமும் தேவை. தேசவழமைக்குட்பட்ட மனைவியின் ஆதனமாயின் கணவரின் எழுத்து மூலச் சம்மதத்தை இன்றும் சட்டம் கேட்கிறது. வெளிநாட்டிலுள்ளோர் அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டியிருக்கும். பிணக்குள்ள காணியையும், உரிமையாளர் இல்லாத காணியையும் சபை தொடவே கூடாது.

குப்பை அகற்றுவது யார், மரம் நடுவது யார், வேலி நகர்ந்தால் கேட்பது யார் என்பவற்றையும் உறுதியிலேயே எழுதிவிட வேண்டும். பராமரிக்க முடியாத கொடையைப் பணிவுடன் மறுப்பதும் சபையின் கடமையே. ஏற்றபின் கைவிடப்பட்ட ஒரு பாதை, அடுத்துக் கொடுக்க நினைக்கும் பத்துப் பேரின் மனத்தை மூடிவிடும்.

அயலவனுக்கு வழியும் வாய்க்காலும் விட்டு உறுதி எழுதியவர்கள் எம் முன்னோர். அந்த அயலவனின் இடத்தில் ஊரை வைத்து எழுதுவதே இன்று எஞ்சியுள்ள வேலை.