ஆடுகளத்திலிருந்து அரசியலுக்கு: சாய்னா நேவாலை முன்னிட்டு ஓர் ஆய்வு

ஆடி மாதம் 17, 18ஆம் நாள்களில் கொல்லிமலையில் அரசு சார்பில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவில், வில்வித்தைப் போட்டி இன்றும் ஓர் அங்கமாக இருந்து வருகிறது. யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று, இறுதியில் உடும்பின்மேல் தைத்து நின்ற ஓரியின் ஒற்றை அம்பை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பது பிரசித்தம். அது கவியின் மிகையே என்று கொண்டாலும், கைவன்மையில் ஒப்பாரின்றி விளங்கியவனே அம்மலைக்குத் தலைவனாகவும் இருந்தான் என்ற செய்தி சரித்திரகாரனுக்குப் போதும். ஓரிக்கு வில் வேறு, ஆட்சி வேறு அன்று; மலையமான் திருமுடிக்காரியின் கையில் அவன் மாண்டதும் மலையும் சேரன் வசமாயிற்று. விளையாட்டில் ஈட்டிய கீர்த்தியை மூலதனமாகக் கொண்டு அரசியலில் பிரவேசிப்பதோ, இவ்விரண்டும் பிரிந்து, நடுவே கட்சி என்ற ஸ்தாபனமும் வாக்கு என்ற உரிமையும் வந்து நின்ற பிறகு தோன்றிய வழக்கமாகும்.

அவ்வழக்கத்துக்கு இந்தியாவில் முன்னோடி ஜெய்பால் சிங் என்பது என் அபிப்பிராயம். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாக ஒலிம்பிக் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவராயிருந்த இந்த முண்டா இனத்தவர், 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்று, 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தாம் ஒரு காட்டுவாசி என்பதைப் பெருமையோடு கூறிக்கொண்டு பழங்குடி மக்களுக்காக வாதாடினார். அவரைப் போன்றோரின் வாதத்தால் அரசியலமைப்பில் இடம்பெற்ற தனித்தொகுதி ஏற்பாட்டின்படியே, கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் இன்றும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காட்டோடு சேர்த்து இரண்டே. ஜெய்பாலுக்கு ஹாக்கி ஓர் அறிமுகச் சீட்டு மட்டுமே. அவரைத் தலைவராக்கியது, பேச ஆளின்றிக் காத்திருந்த ஒரு ஜனசமூகம்.

இறகுப்பந்தாட்டத்தின் கதை வேறு. வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் 1870களில் பூனாவில் விதி வகுத்து ஆடிய இவ்வாட்டம், நெடுங்காலம் கிளப்புகளிலும் நகரங்களிலுமே வளர்ந்ததாதலின், அதற்குப் பின்னே திரண்டு நிற்கும் ஜனங்கள் என்று எவரும் இருந்ததில்லை. ஹரியானாவிலுள்ள ஹிசாரில் 1990 மார்ச் 17ஆம் தேதி பிறந்த சாய்னா நேவால், விவசாய விஞ்ஞானியான தந்தையின் உத்தியோக நிமித்தம் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, விடியுமுன் எழுந்து தந்தையின் ஸ்கூட்டரில் லால் பகதூர் ஸ்டேடியத்துக்குச் சென்று மட்டை பிடிக்கக் கற்றார். தாயார் மாநில அளவில் ஆடியவர். பின்னர் கோபிசந்தின் பயிற்சியில் தேறி, 2008இல் உலக ஜூனியர் பட்டத்தை வென்ற முதல் இந்தியராகப் புகழ்பெற்றார். அப்போட்டி நடந்தது, விதி வகுக்கப்பட்ட அதே பூனாவில்!

2012 ஆகஸ்ட் 4ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் நடந்ததைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் முதல் சுற்றைச் சீன வீராங்கனை வாங் ஷின் 21–18 என்று கைப்பற்றி, இரண்டாவதில் ஒரு புள்ளியும் பெற்றிருந்த நிலையில், முழங்கால் காயத்தால் மேலே ஆட இயலாது விலகவே, சாய்னா வென்றவரானார். இதை அதிர்ஷ்டம் என்பார் உண்டு. ஆனால், அரையிறுதி வரை வந்து அந்த வலைக்கு எதிரே நிற்கும் ஸ்தானத்தை அதிர்ஷ்டம் எவருக்கும் அளித்துவிடாது. 2015இல் உலகத் தரவரிசையில் அவர் முதலிடம் பெற்றது, இந்தியப் பெண்கள் எவரும் அதுவரை எட்டாத சாதனை. 2010, 2018ஆம் ஆண்டுக் காமன்வெல்த் ஒற்றையர் தங்கமும் அவருடையதே.

இவ்வளவு புகழோடு 2020 ஜனவரி 29ஆம் தேதி, டில்லிச் சட்டமன்றத் தேர்தலுக்குப் பத்தே நாள் இருக்கையில், தம் தமக்கையோடு அவர் பாரதிய ஜனதாக் கட்சியில் சேர்ந்தார். சமயம் பார்த்துச் செய்த காரியம் என்பதில் ஐயமில்லை. அதில் கட்சியின் லாபமும் வெளிப்படை. முந்திய அக்டோபரில் ஹரியானாவில் அதே கட்சியின் வேட்பாளர்களாக நின்ற மல்யுத்த வீரர்கள் யோகேஷ்வர் தத்தும் பபிதா போகாட்டும் தோற்க, ஹாக்கி வீரர் சந்தீப் சிங் வென்று அமைச்சரானார் என்பதை நோக்கினால், பதக்கத்தை வாக்காக மாற்றும் ரசவாதம் எளிதில் கைகூடுவதன்று என்பது புலனாகும். இறகுப்பந்திலேயே சாய்னாவுக்கு முன்பு அமீதா சிங், அமேதித் தொகுதியில் வென்று உத்தரப் பிரதேசத்தில் அமைச்சுப் பதவி வகித்தார். இந்தோனேசியாவிலோ 2004 ஒலிம்பிக் வீரர் தௌஃபிக் ஹிதாயத் 2024இல் துணை அமைச்சராக நியமனம் பெற்றார். முன்னவருக்குத் தொகுதி இருந்தது. பின்னவருக்கு வாக்கின் அவசியமே நேரவில்லை.

சாய்னா 2024 மக்களவைத் தேர்தலிலும் போட்டியிடவில்லை. ஆயினும் அவ்வாண்டு மார்ச்சில், கர்நாடகக் காங்கிரஸின் மூத்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பாரதிய ஜனதாவின் தாவணகெரே வேட்பாளரான பெண்மணியைச் சமையலுக்குத்தான் லாயக்கு என்று பேசியபோது, சாய்னா சமூக வலைத்தளத்தில் வெகுண்டு கண்டித்தார். கட்சிக்காரர் ஒருவர் கட்சிக்காக எழுதியது என்று அதனை ஒதுக்கிவிடலாம். எனினும் அவருடைய அரசியல் எழுத்துகளுள் அவருடைய வாழ்க்கையே சாட்சி சொல்ல வந்தது அந்த ஒன்றில்தான் என்பேன்.