பிக்கப் தொட்டிக்கு ஒரு மூடி: கூண்டு வண்டி முதல் கேம்பர் வரை

நம்ம ஊரில் குட்டியானை ஓட்டுபவர் மழை வந்தால் என்ன செய்வார்? சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, நாலு மூலையிலும் கயிறு கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அமெரிக்காவில் இதே வேலைக்கு ஒரு பெரிய சந்தையே இருக்கிறது. சுருட்டும் மூடி, மடிக்கும் மூடி, ஷட்டர் மாதிரி உள்ளே போகும் மூடி, வீட்டுக் கூரை மாதிரி உயரமான மூடி என்று ஏகப்பட்ட வகைகள். பின்னால் ஒரு சின்ன கேம்பரை (சக்கரம் வைத்த குட்டி வீடு) இழுத்துக்கொண்டு போகிறவர் இதில் எதை வாங்குவது? மெக்கானிக்கல் கேள்வி போலத் தெரிந்தாலும், பதில் பாதிக்கு மேல் வரலாற்றில் இருக்கிறது.

முதலில் குதிரை வண்டிக் காலம். பென்சில்வேனியாவில் 18-ஆம் நூற்றாண்டில் கொனெஸ்டோகா என்ற பெரிய சரக்கு வண்டி ஓடியது. மேலே வளையங்கள், அதன்மேல் கான்வாஸ் துணி. நம்ம கூண்டு வண்டிதான், ஆனால் பல மடங்கு பெரியது. 1840-களில் ஆரிகன் பாதையில் சுமார் 3,200 கிலோமீட்டர் மேற்கே போன குடும்பங்கள் இதைவிடச் சிறிய வண்டிகளில் அதே மாதிரி கூண்டு கட்டிக்கொண்டார்கள். துணி நனையாமல் இருக்க ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். சினிமாவில் குடும்பமே வண்டிக்குள் உட்கார்ந்து வருவதாகக் காட்டுவார்கள். உண்மையில் பெரும்பாலோர் பக்கத்தில் நடந்துதான் போனார்கள்! கூண்டுக்குள் சவாரி செய்தது மாவு, பன்றி இறைச்சி, கருவிகள். அதாவது மூடி சரக்குக்காக வந்தது, ஆளுக்காக அல்ல. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மோட்டார் வந்தது. ஃபோர்டு கம்பெனி 1925-இல் மாடல் டி காரின் பின்பக்கம் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே செய்த பிக்கப்பாக 281 டாலருக்கு விற்றது. அதற்கு முன் காரை வாங்கி, தச்சரிடம் கொடுத்துப் பாடி கட்டிக்கொள்வதுதான் வழக்கம். தட்டையான மூடிக்கு இன்றும் ஆங்கிலத்தில் டோனோ கவர் என்றுதான் பெயர். டோனோ என்றால் பிரெஞ்சில் பீப்பாய். பழைய திறந்த கார்களின் பின் இருக்கைப் பகுதி பீப்பாய் மாதிரி இருந்ததால் வந்த பெயர். அங்கே ஆள் இல்லாதபோது போர்த்தும் துணிதான் முதல் டோனோ கவர்.

இன்னொரு பக்கம், காரில் ஊர் சுற்றும் மோகம் பரவியது. 1919-இல் புளோரிடா மாநிலம் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கமே தொடங்கினார்கள். 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற பளபளக்கும் அலுமினிய டிரெய்லர் வந்தது, விலை 1,200 டாலர். சாதாரண ஆள் அதை எங்கே வாங்குவது! கையில் இருக்கும் பிக்கப் தொட்டிக்கே கூரை போட்டுப் படுத்துக்கொண்டார். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் நாட்டைச் சுற்றியதும் தொட்டிமேல் குட்டி வீடு ஏற்றிய ஒரு ஜிஎம்சி பிக்கப்பில்தான், துணைக்குச் சார்லி என்ற நாய்.

இங்கேதான் சோகமும் ஆரம்பிக்கிறது. தனியாகச் செய்த வீடு வேறு, தொட்டிமேல் கவிழ்த்த வெறும் கூரை வேறு. வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறையும், அதனால் புகை மூடிக்குள் இழுக்கப்படும். சியாட்டில் மருத்துவர்கள் 1992-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிக்கப்பின் பின்னால் உட்கார்ந்து வந்து கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளான 20 குழந்தைகளைப் பற்றியது. 17 பேர் கெட்டியான மூடிக்குக் கீழே இருந்தவர்கள், 3 பேர் தார்ப்பாய்க்குக் கீழே. 15 பேர் மயக்கமானார்கள், ஒரு குழந்தை இறந்தது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குழந்தை தூங்குகிறது என்றுதானே முன்னால் இருக்கும் அப்பா அம்மா நினைப்பார்கள்? இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

நல்ல வேளையாக இழுத்துப் போகும் வீடும் மலிவானது. 1968-இல் கனடாவின் வினிபெக்கில் 'போலர்' என்ற 13 அடி ஃபைபர்கிளாஸ் கேம்பர் வந்தது. இரண்டு கிண்ணங்களை விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டிய மாதிரி இருக்கும், எடை மிகக் குறைவு. படுக்க அது இருக்கும்போது தொட்டிக்குள் படுக்க வேண்டியதில்லை. மூடி பழையபடி சரக்குக்கே திரும்பியது.

எனவே என் கணக்கு இப்படி. (நான் பிக்கப் ஓட்டியதில்லை, படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்!) 700 கிலோ கேம்பர் என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 70 முதல் 105 கிலோ, கொக்கியின் மேல் அமுக்கும். வண்டி தாங்கும் சுமையில் இது கழியும். ஆட்கள், தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்கு மேல். உயரமான ஃபைபர்கிளாஸ் கூரை தனியாக 70, 80 கிலோவைத் தின்றுவிடும். படுப்பதற்கு இல்லை என்றால் அந்த உயரம் எதற்கு? தட்டையான மூடி போதும். வினைல் துணி மூடி மிக லேசு, விலையும் குறைவு, ஆனால் கத்தி வைத்திருக்கும் திருடனுக்கு அது ஒரு தடையே இல்லை. நான் என்றால் பலகை பலகையாக மடிக்கும் கெட்டி மூடியை எடுப்பேன்.

மைலேஜ் கூடும் என்று விற்பவர் சொல்வதை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். தனி வண்டிக்குக் கொஞ்சம் உண்மை. பின்னால் வண்டியைவிட உயரமாக ஒரு சுவர் காற்றை முட்டிக்கொண்டு வரும்போது, தொட்டியை மூடி என்ன பெரிதாக மிச்சம்?

கேஸ் சிலிண்டரையும் பெட்ரோல் ஜெனரேட்டரையும் மூடிக்குள் வைக்கவே கூடாது. சிலிண்டருக்கு கேம்பரின் முன்பக்கம் வெளியிலேயே இடம் இருக்கும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. கேம்பரை மாட்டியபின் பிக்கப்பின் பின்கதவைக் கீழே இறக்கினால், பல வண்டிகளில் அது கேம்பரின் ஜாக்கியில் போய் இடிக்கும். சில மூடிகளோ பின்கதவை இறக்கினால்தான் திறக்கும். இரண்டும் சேர்ந்தால் நடுவழியில் ஒரு டார்ச் லைட் எடுக்கக்கூட கேம்பரைக் கழற்ற வேண்டியதுதான். அதனால் காசு கொடுப்பதற்கு முன், பின்கதவை மூடி வைத்தே திறந்து காட்டச் சொல்லுங்கள்.