நான் நத்தை என்று சொன்ன கல்



2020-இல் குன்னம் பக்கம் குளத்தில் "டைனோசர் முட்டை" கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் ஒரே பரபரப்பு, நினைவிருக்கிறதா? ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் படிவம் என்றார்கள். அன்று எனக்கு என் பழைய வகுப்பறை நினைவுக்கு வந்தது.

காரைப் பக்கத்து மாணவன் ஒருவன் சுருள் சுருளான கல் ஒன்றைக் கொண்டுவந்து, "இது என்னங்க சார்?" என்றான். "நத்தைப்பா, கல்லாயிடுச்சு" என்றேன். நான் சொன்னது தப்பு.

நத்தை ஓட்டின் உள்ளே தடுப்பு கிடையாது. ஒரே குழாய். அம்மோனைட் ஓட்டில் அறை அறையாகத் தடுப்பு இருக்கும். கடைசி அறையில் உயிர் குடியிருக்கும், மற்ற அறைகள் அது மிதக்க உதவும். கணவாயும் ஆக்டோபஸும்தான் அதற்கு நெருங்கிய உறவு. நத்தை தூரத்துச் சொந்தம்.

நம் வறண்ட பூமியில் கடல் பிராணி எப்படி? சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகரத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி கடலுக்கடியில் கிடந்தது.

இதை முதலில் உலகுக்குச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டி அனுப்பிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் லண்டனில் விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்டு நம் பாறைகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து 1862-இல் வெளியிட்டார். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரும் இவர்தான். அடுத்து வந்த ஸ்டோலிச்கா நம் பகுதி அம்மோனைட்டுகளை விரிவாக எழுதினார். உண்மையான கடல் நத்தைகளும் இங்கே உண்டு. அவற்றுக்கென்றே 1867-68-இல் தனித் தொகுதி வெளியிட்டார். 1874-இல் லடாக் மலைப்பாதையில் இறந்தபோது அவருக்கு வயது 36.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் பெரிய விண்கல் விழுந்த காலத்தோடு அம்மோனைட் இனம் அழிந்தது. நத்தை இனம் தப்பித்தது. மழை பெய்தால் இன்றும் நம் வாசலில் ஊர்கிறது.

கல்லங்குறிச்சிப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் அந்தக் காலத்துச் சிப்பிகள் நிறைந்திருக்கின்றன. அரைத்த பிறகு சிப்பி ஏது, அம்மோனைட் ஏது? சிமெண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுச் சுவரும் அதில் கட்டியதுதான். பல மாணவர் குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் அதுதான்.

ஆனால் அந்தப் பையன் கொடுத்த கல்லை மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன். மாறுதலில் வரும்போது எங்கோ போய்விட்டது. எந்த ஓடையில் எடுத்தான் என்றுகூட நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. பெயரைத் தப்பாகச் சொன்னதைவிட அதுதான் பெரிய தப்பு. எடுத்த இடம் தெரியாவிட்டால் ஆய்வாளருக்கு அது பாதிக் கதைதான்.

உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கல் இருந்தால், எடுத்த ஊரையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். விற்காதீர்கள். வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: தம்பி, அது நத்தை இல்லைப்பா. அம்மோனைட். சார் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.