விலங்கு மருந்தும் மலையக மக்களும்

மலையகத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் கோப்பியின் வீழ்ச்சி, தேயிலையின் எழுச்சி, தொழிலாளரின் வருகை என்பவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மக்கள் நோயுற்றபோது எம்மருந்தை உண்டனர், அதை யார் கையாற் பெற்றனர் என்னும் வினா அத்துணை ஆராயப்படவில்லை. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் லயத்தருகே பசு வளர்க்கும் குடும்பமொன்று, மாட்டுக்கென வாங்கிய நுண்ணுயிர்க்கொல்லியை மனிதருக்கும் ஆபத்துக்கு உதவுமென்று வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுமாயின், அதனை இவ்வரலாற்றோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

தொடக்க காலத்தில் தோட்டத்தின் வைத்தியர் துரையே. பங்களாவிலிருந்த மருந்துப் பெட்டியில் ஆமணக்கெண்ணெயும் கொயினாவும் இருந்தன. மருத்துவம் கல்லாத ஒருவர், பெரட்டுக் களத்தில் நின்றவனை ஒருமுறை நோக்கி அளவைத் தீர்மானித்தார். 1872, 1880, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தோட்ட மக்களின் மருத்துவத் தேவைகளைக் கவனிக்க முற்பட்டன. டிஸ்பென்சர்கள் வந்தனர்; மாவட்ட ஆஸ்பத்திரிகளும் எழுந்தன. எனினும் மலைப்பாதையின் தூரம் குறையவில்லை.

1916ஆம் ஆண்டு றொக்பெல்லர் நிறுவனத்தின் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தோட்டங்களிற் கொளுக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. வெறுங்காலோடு கொழுந்தெடுத்தோரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலிற் பற்றி இரத்தத்தை உறிஞ்சுவது. சோகையுற்றவரைச் சோம்பேறி என ஏசுவது தோட்டங்களில் அரிதன்று. முதலிற் கையாளப்பட்ட மருந்துகள் தைமோலும் கீனோப்போடியம் எண்ணெயும். இவற்றோடு பேதிமருந்தும் அருந்த வேண்டியிருந்தது. மருந்துண்ட நாளில் மலைக்குப் போக இயலாது; போகாவிடிற் பேரும் விழாது. மக்கள் மருந்துக்கு அஞ்சியதை அறியாமை என்று மட்டும் கூறிவிட முடியாது.

இந்நிலையிலேதான் விலங்கு மருந்து உட்புகுந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் விலங்கு நலப் பிரிவைச் சேர்ந்த மோரிஸ் ஹோல், நாய்களின் குடற்புழுக்களைக் காபன் நாற்குளோரைட்டு வெளியேற்றுவதை 1921இல் வெளியிட்டார். தீயணைக்கவும் துணியின் கறை நீக்கவும் பயன்பட்ட திரவம் அது. அவர் தாமே ஏறத்தாழ 3 மில்லிலீற்றரைக் குடித்தும் பார்த்தார். மறு ஆண்டே லூசியஸ் நிக்கல்ஸ், ஹாம்டன் ஆகியோர் இலங்கையில் அதனை மனிதருக்குக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். மருந்தோ மலிவானது, வேகமானது. நாயிலிருந்து மனிதனுக்கு வர ஓராண்டே போதுமாயிருந்தது!

ஆயின் அது ஈரலைத் தாக்கும் நஞ்சு. மது அருந்தியோருக்கும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்தோருக்கும், வட்டப்புழு மிகுந்த பிள்ளைகளுக்கும் ஆபத்து விளைந்தது. பல நாடுகளில் மரணங்களும் நேர்ந்தன. 1925இல் அதனினும் ஆபத்துக் குறைந்த நாற்குளோரோஎத்திலீனை ஹோல் அறிமுகப்படுத்தினார். அதுவும் முதலில் நாய்களிற் சோதிக்கப்பட்டதே. இதற்கிடையில் மலசலகூடங்களுக்குப் பணஞ்செலவிடத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மருந்தாற் குணமான தொழிலாளி, புழுக் கிடந்த அதே மண்ணில் மறுபடியும் கால் வைத்தான். கூடத்தை விடக் குளிகை மலிவு என்னும் கணக்கே இங்கு நிகழ்ந்தது எனலாம்.

நுண்ணுயிர்க்கொல்லியின் நிலை ஒருவகையில் வேறு. பெனிசிலினும், 1950இல் வெளியான ஒட்சிரெற்றாசைக்கிளினும் மாட்டுக்கும் மனிதருக்கும் பொதுவானவை, மூலப்பொருள் ஒன்றே. இவ்வொற்றுமையே மயக்கத்துக்குக் காரணம். பெனிசிலின் ஒவ்வாதவரை ஓர் ஊசியே கொல்லக்கூடும். ரெற்றாசைக்கிளின் சிறுவரின் வளரும் பற்களில் நிலையான கறையை ஏற்படுத்தும். வைரசினால் வரும் தடிமனுக்கு இவை எதுவும் செய்வதில்லை. அரைகுறையாக உண்டு நிறுத்தினால் நோய் திரும்பலாம். கண்டபடி உண்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். இலங்கைச் சட்டமும் இருவகை மருந்துகளையும் பிரித்தே வைத்துள்ளது: விலங்கு மருந்துகள் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழும், மனித மருந்துகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் வருவன. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து தட்டுப்பட்டபோது, சட்டப் பிரிவு தெளிவாயிருந்தது. மனித மருந்துதான் இல்லை.

1922இல் விலங்கு மருந்தை மனிதருக்கு அளித்தோர் அளவறிந்த வைத்தியர்கள். அவர்கள் கையிலும் அது பிழைத்தது. லயத்தில் இருக்கக்கூடிய மருந்தின் அளவோ மாட்டுக்கானது. நீண்ட நேரம் செயற்படும் ஒட்சிரெற்றாசைக்கிளின் ஊசிமருந்தின் ஒரு வகையில், ஒரு மில்லிலீற்றருக்கு 200 மில்லிகிராம் உள்ளது. மாட்டின் நிறையில் 10 கிலோகிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது கணக்கு. மடிவீக்கத்துக்குரிய குழாய்மருந்தோ முலைக்காம்பினுட் செலுத்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. நள்ளிரவிற் காய்ச்சலால் நடுங்கும் குழந்தைக்குரிய அளவு அந்த உறையில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.